கறுப்புக் கட்டத்தில் யார்?

உங்களுக்கு எதற்கு இந்த வம்பு? அரக்கோணத்திலிருந்து திருப்பதிக்குப் போன் போட்டு, "உன் மருமகள் ஏதோ கட்சி வகுப்புக்குப் போகிறாளாமே" என்று கேட்கிறீர்களே, நான் காலொடிந்து கிடந்தபோது சொந்தமென்று ஒருத்தராவது கேட்டீர்களா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

அவள் எங்கேயும் போகவில்லை. வகுப்புதான் எங்கள் அடுப்படிக்கு வருகிறது. ஞாயிறு மத்தியானம் வேலை முடிந்து வந்ததும் அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து வைப்பாள். சித்தூரிலிருந்து ஒரு டீச்சரம்மா பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் உழைப்பு, கூலி, சங்கம் என்று பாடம் நடத்துவாள். கட்டம் கட்டமாக முகங்கள். எல்லாம் திருப்பதி லாட்ஜில் அறை பெருக்குகிற, போர்வை துவைக்கிற பெண்கள். என் மருமகள் குமாரிக்கும் அதே வேலைதான். என் மகன் போனபிறகு வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

எனக்கு முதலில் டீச்சரம்மாமேலேயே சந்தேகம். சும்மா யார் பாடம் சொல்லித் தருவார்கள்? நம் ஊரில் கட்சிக்காரர் வந்தால் கொடியைக் கட்டிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார். அவர் டீயை ஆற்றுகிற விதத்திலேயே ஆள் எப்படியென்று சொல்லிவிடுவேன். கட்டத்துக்குள் இருப்பவரை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

அதிலும் ஒரு கட்டம் எப்போதும் கறுப்பு. முகமில்லை, பேரில்லை, பேச்சில்லை.

"அது யாருடி?"

"யாராச்சும் புருசனுக்குப் பயந்து மறைஞ்சிக்கினு கேக்கும் அத்த. பாவம்."

"பாவமா? போன வாரம் இதுல வாரத்துக்கு ஒரு நாள் லீவு வேணும்னு பேசின. மறுநாளே உங்க சூப்பர்வைசர் உன்ன ஒண்டியா மூணாவது மாடி மொத்தத்தையும் பெருக்கத் தள்ளிட்டான். அவனுக்கு யாரு சொன்னது, ஏழுமலையானா?"

 அந்த ஞாயிறு, லீவு மனுவில் கையெழுத்துப் போடச் சம்மதித்த பதினோரு பேரின் பெயரை வகுப்பில் வாசிக்க வேண்டும். வாசிப்பவள் குமாரி. கறுப்புக் கட்டத்தில் அந்தச் சூப்பர்வைசர் இருந்தால் பதினோரு பேருக்கும் வேலை போய்விடும்.

பாடம் முடிந்ததும் பேசுவதற்காக எல்லோரையும் மைக் திறக்கச் சொன்னாள் டீச்சரம்மா. மற்றவர்களைப்போலக் காட்டிக்கொள்ளக் கறுப்புக் கட்டமும் மைக்கைத் திறந்தது. குமாரி தாளைப் பிரித்தாள். நான் போனைப் பிடுங்கித் தொண்டை கிழியக் கத்தினேன்: "ஏடுகொண்டலவாடா! வேங்கடரமணா!"

திருப்பதியில் ஏழுமலையானை இப்படிக் கூப்பிடக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவர் உண்டா? "கோவிந்தா! கோவிந்தா!" என்று கட்டத்துக்குக் கட்டம் கிளம்பியது. டீச்சரம்மா வாயிலிருந்தே பாதி வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, மூக்கால் இழுத்துக்கொண்டு ஓர் ஆண்குரல். தினமும் லாட்ஜ் வாசலில் நின்று மலைக்குப் போகிற ஜீப்பைக் கோவிந்தா போட்டு அனுப்பிவைக்கிற குரல்.

"ஐயோ அத்த, சூப்பர்வைசர்!" என்றாள் குமாரி.

"இன்னா நைனா, நீயும் படிக்க வந்தியா? இரு, உனக்கும் சேத்து லீவு கேக்கலாம்" என்றேன். கறுப்புக் கட்டம் காணாமல் போனது.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. தெலுங்கில் நிறையப் பேசினாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பாடத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பெயரை மட்டும் போனில் சொல்லக்கூடாது. மனு கைக்குக் கை போய்க் கையெழுத்து வாங்கியது. பதினோரு பேரும் ஒன்றாகப் போய் அவன் மேசைமேல் வைத்தார்கள். ஒருத்தியைத் தனியாகப் பிடிக்க அவனுக்கு வழியில்லை. குமாரிக்கு வேலை இருக்கிறது. லீவு இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் அவளைப் பார்த்து அவன் சிரிக்கிறானாம். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரிகள் வாசலில் கூடிவிட்டார்கள். இருபது வருஷமாக அவர்களுக்கு நான் 'அரவ அவ்வா', தமிழ்க் கிழவி, உங்களுக்கோ திருப்பதிக்காரி. "ஏமி அவ்வா, இன்னி கோவிந்தலு?" என்று, இத்தனை கோவிந்தா எதற்கென்று கேட்டாள் ஒருத்தி. அவள் தம்பிக்கும் அதே லாட்ஜில்தான் வேலை.

"போன்ல பஜன நடக்குதும்மா" என்றேன். "அரவத்துல ஆரம்பிச்சா தெலுங்குல முடியும், தெலுங்குல ஆரம்பிச்சா அரவத்துல முடியும். நான் எந்தக் கோஷ்டின்னு எனக்கே தெரியாது. நீயும் வா. உன் தம்பிய மட்டும் கூட்டியாராத."