இயக்குநர் குனிந்தால் சுற்றும் விசிறி

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பீட்ரூட் அக்கா. பீட்ரூட் சாற்றை வைத்து வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறாள் என்றால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் அவளுடைய சிவந்த விரல்களைப் பார்த்ததும் நம்பிவிடுவார்கள். கண்ணாடித் துண்டில் வெள்ளைப் பசையைத் தடவிச் சுட்டு, சாற்றில் ஊறப்போட்டு, இன்னொரு கண்ணாடியை மேலே வைத்து, நடுவில் ஒரு சொட்டு அயோடின் விட்டுக் கிளிப் மாட்டினால் சூரிய மின்கலம் தயார். புருஷன் மட்டும், "வாங்குற பீட்ரூட்ல ஒண்ணாவது நம்ம சட்டிக்கு வந்திருக்கா?" என்று புலம்புவார்.

இயக்குநர் ஒருநாள் வந்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள உன் பீட்ரூட் கரண்ட்ல இந்தக் குட்டி விசிறி சுத்தலைன்னா, இந்த ரூம்ல உடைஞ்ச நாற்காலிய அடுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அறை போனால் அக்கா மறுபடி வரவேற்பில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்க வேண்டும். அதற்கு நாற்காலிகளோடு நாற்காலியாக அவளையும் அடுக்கிவிடலாம்.

இந்தக் கண்ணாடியில் ஒரு பக்கம்தான் மின்சாரம் ஓடும்; பதற்றத்தில் ஓடாத பக்கத்தில் பசையைத் தடவித் தொலைத்தாள். பாழாய்ப்போன கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒரே மூஞ்சி. மீட்டர் வைத்தால்தான் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மின்கலங்களை வரிசையாகக் கோத்து, ஜன்னலோர மேசை விளக்கின் கீழே வைத்து, விசிறியை மாட்டினாள். அது அசைவேனா என்றது. கூட வேலை பார்க்கும் மீசைக்காரர் உச்சுக்கொட்டினார்.

"எங்க, பாப்போம்" என்று இயக்குநர் குனிந்தார். விசிறி கிறுகிறுவென்று சுற்றியது. அவர் நிமிர்ந்தார். நின்றுவிட்டது.

"சார், நின்னுடுச்சு" என்றார் மீசைக்காரர்.

"எங்கய்யா நின்னுச்சு?" இயக்குநர் மறுபடி குனிந்தார். சுற்றியது. "உன் மூக்குக்கண்ணாடிய மாத்துய்யா முதல்ல."

மின்கலங்களுக்கு எட்டாத ஜன்னல் வெயில் இயக்குநரின் முழு வழுக்கையில் பட்டு நேராக அவற்றின்மேல் விழுவதை அக்கா அப்போதுதான் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ரூம் உனக்குத்தாம்மா. திங்கக்கிழமை வெளியிலேர்ந்து பரிசோதகருங்க வராங்க. அவங்க முன்னாலயும் சுத்திடுச்சுன்னா அப்புறம் யாரும் கை வைக்க மாட்டாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு போய்விட்டது. "சார், அன்னிக்கு நீங்களும் பக்கத்துல நிக்கணும்."

"நான் எதுக்கும்மா?"

"நீங்க இல்லாம இது ஓடாது சார்."

இயக்குநர் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. "கண்டிப்பா நிக்கிறேம்மா. புதுசா ஒரு தொப்பி வாங்கி வெச்சிருக்கேன், அதையே போட்டுட்டு வரேன்" என்றார்.

பீட்ரூட் அக்கா சிவந்த கைகள் இரண்டையும் கூப்பிவிட்டாள்.

"தொப்பி மட்டும் வேணாம் சார்."