மகளுக்காக மாற்றிய ஓட்டு

என் மகள் பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், பானையை இறக்குவதற்குள் ஆரம்பித்தாள். "அம்மா, எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. இந்தத் தடவை ஓட்டுப் போடணும், பேரு சேக்கணும்." நல்ல காரியம்தானே, அண்ணாமலையார் கொடுத்த புத்தி என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் இருப்பது அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால். என் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் பால்வாடி போகிற வயதிலேயே இங்கே வீடு கட்டி வந்துவிட்டோம். ஓட்டு மட்டும் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவருடைய ஊரிலேயே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. ஓட்டு நாளன்று முதல் பஸ்ஸில் போவோம். அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் வரிசையில் போய் நிற்போம். மை வைத்த விரலோடு அவருடைய அண்ணன் வீட்டில் சாப்பாடு. ஓட்டு என்றால் எனக்கு அதுதான்.

மகள் வேங்கிக்கால் விலாசத்துக்குப் போனிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டுக் காலேஜுக்குத் திரும்பினாள். சில நாள் கழித்து, எங்கள் தெரு ஓட்டர் லிஸ்ட் வேலை பார்க்கும் அங்கன்வாடி டீச்சர் விசாரிக்க வந்தார்.

"பொண்ணு எங்கம்மா?"

"பெங்களூர்ல படிக்குதுங்க. லீவுக்கு வரும்."

"அது பரவால்ல. படிக்கிற பசங்க அப்பா அம்மா இருக்கிற வீட்லயே சேரலாம். உங்க ரெண்டு பேருக்கும் எந்த பூத்து?"

"எங்களுக்கு ஊர்லங்க. கீழ்பென்னாத்தூர் பக்கம்."

டீச்சர் பேனாவை மூடிவிட்டார். "பொண்ணு பெங்களூர்ல. உங்க ஓட்டு கீழ்பென்னாத்தூர்ல. அப்போ இந்த வீட்ல யாரும்மா குடியிருக்கிறது, அந்தப் பூனையா?"

வாசலில் படுத்திருந்த பூனையைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அவர் சொன்னதில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இங்கதான் இருக்கீங்கன்னா உங்க ஓட்டும் இங்கதான் இருக்கணும். ஒருத்தராவது மாத்திக்கங்க, பொண்ணை உங்களோட சேத்து எழுதிடறேன். இல்லன்னா காலேஜ்ல லெட்டர் வாங்கி அது பெங்களூர்லயே சேந்துக்கலாம். கடைசி தேதி கிட்ட வந்துடுச்சு, பாத்துக்கங்க."

சாயங்காலம் என் கணவர் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் பேசியது எனக்கும் கேட்டது.

"ஓட்டை எடுத்துக்கினு போறியா? இன்னிக்கி ஓட்டு, நாளைக்கி நெலத்துல பங்கா? ஆடியில வரி எழுதறப்போ உன்னை ஊர்க்காரன்னு எழுதறதா, வெளியூர்க்காரன்னு எழுதறதா? நீயே சொல்லிடு."

ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற, குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்கு வைத்து ஊரில் வரி வாங்குவார்கள். அந்த வரி கொடுத்தால்தான் அம்மன் நமக்கும் அம்மன். ஓட்டுக்கும் வரிக்கும் சம்பந்தம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஊரில் ஓட்டு இல்லாதவன் ஊர்க்காரன் இல்லை என்ற எண்ணம் அங்கே எல்லார் மனசிலும் உண்டு. என் மனசிலும்தான்.

"பொண்ணு பேரை ஊர்லயே சேத்துடலாம்" என்றார் என் கணவர். "அண்ணன் வீட்ல இருக்குதுன்னு எழுதிக் குடுத்தா போதும். மத்ததை அவரு பாத்துக்குவாரு."

அதை மகளிடம் போனில் சொன்னது நான்தான்.

"நான் பெரியப்பா வீட்ல என்னிக்கிம்மா இருந்தேன்? பொய் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றியா? சின்ன வயசுல ஒரு மிட்டாய்க்குப் பொய் சொன்னேன்னு மாடிக்கு இழுத்துக்கினு போயி, மலையைப் பாத்து மன்னிப்புக் கேளுன்னு நிக்க வெச்சது நீதானே?"

அவளே முடிவும் சொன்னாள்.

"விடும்மா. இங்க ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் இங்கயே சேர்றாங்க. நானும் சேந்துக்கறேன்."

"அங்க இன்னாடி தெரியும் உனக்கு? அவங்க பாஷையே உனக்கு அரைகுறை."

"ஹாஸ்டல்ல தண்ணி வராதது தெரியும். பெரியப்பா ஊரு ஏரியில தண்ணி இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா."

அவள் பேசியது நியாயம்தான். ஆனாலும் படிப்பு அங்கே, ஓட்டும் அங்கே என்றால் அப்புறம் வேலை, வாழ்க்கை எல்லாமே அங்கேதானே? பெண் பிள்ளை என்றைக்கோ போகப்போகிறவள்தான். முதல் ஓட்டாவது என் பக்கத்தில் நின்று போடட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்றினேன். ஒவ்வொரு லிங்கமாக நின்று கேட்டேன். ஓட்டை மாற்றினால் அம்மனை விட்டுப் போகிறேன் என்று அர்த்தமாகுமா, சாமி? கால் வலிதான் மிச்சம். மறுநாள் டீச்சரைத் தேடிப் போய் என் ஓட்டை மட்டும் மாற்ற எழுதிக் கொடுத்தேன்.

"நீங்க ஊர்லயே வெச்சுக்கங்க. தலைக்கட்டு உங்க பேர்லதானே இருக்குது" என்று என் கணவரிடம் சொன்னேன்.

"அண்ணங்கிட்ட நீயே சொல்லிடு" என்றார்.

நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. லிஸ்டில் என் பேரும் மகள் பேரும் வந்தன.

ஓட்டு நாளன்று பெங்களூரில் லீவு இல்லை. மகள் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்து இறங்கியபோது, அவள் அப்பா தேங்காய் கற்பூரத்தோடு ஊருக்குத் தனியாகப் போயிருந்தார். நாங்கள் இருவரும் இங்கே பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோம். முன்னாலும் பின்னாலும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அம்மனைக் கும்பிடாமல் அதுவரை நான் ஓட்டுப் போட்டதில்லை. மகள் வெளியே வந்து விரலை நீட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, செய்தது சரிதான் என்று கொஞ்ச நேரம் இருந்தது.

சாயங்காலம் அவர் அம்மன் குங்குமத்தோடு திரும்பி வந்தார்.

"உங்க அண்ணன் என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு. உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன்."

"எங்க வெச்சு சொன்னீங்க?"

"கோயில்லதான்."

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நம்பினாரா?" என்றேன்.

"பூத்து வாசல்ல கட்சிப் பசங்க லிஸ்ட்ல பாத்துட்டு, உன் பேரே இல்லியேன்னாங்க. அண்ணன் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. ஒண்ணும் கேக்கல. சாப்புட்டுப் போன்னு மட்டும் சொன்னாரு."

"சாப்புட்டீங்களா?"

"எப்படி சாப்புடறது?"

மகள் எழுந்து போய் அப்பாவுக்குத் தட்டு வைத்தாள். மறுநாள் காலையில் அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

எழுத்தில் பொய் வேண்டாம் என்று நாங்கள் ஒதுங்கினோம். அவர் அம்மன் எதிரிலேயே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், எனக்காக. அந்தக் குங்குமப் பொட்டலத்தைப் பிரிக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. சாமி மாடத்தில் அப்படியே இருக்கிறது. அண்ணன் அதற்குப் பிறகு போன் பண்ணவில்லை. ஆடி வரப் போகிறது. வரி கேட்டு ஊரிலிருந்து ஆள் வருமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.