கிணறு வெட்டப்பட்டது

இலண்டன் மோர்டனில் வாழ்ந்த இராஜேந்திரன் 1984இல் அகதியாக வந்தவர். பகலில் விடுதியொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். மாலையில் தம் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பிறருடைய கடிதங்களை அடித்துக் கொடுத்தார். 1993இல் எங்கள் யாழ்ப்பாணத்துச் சிற்றூரின் வரலாற்றை நூலாக்க ஊர்ச் சங்கம் தீர்மானித்தபோது, தட்டச்சு வேலை அவரிடம் சென்றது. ஊரில் ஆசிரியராயிருந்ததால் பிழைதிருத்தம் என்னுடையது.

கையெழுத்துப் படியில் இல்லாத ஒரு வாக்கியத்தை அவர் சேர்த்திருந்தார்: ‘கோயிற் கிணற்றை 1938இல் பொன்னர் வெட்டினார்.’ பொன்னர் அவருடைய தந்தை, முந்திய ஆண்டுதான் இலண்டன் வந்திருந்தார், எழுத்தறியாதவர்.

சங்கத் தலைவர் பாலேந்திரா அத்தாளை என்முன் போட்டார்.

“மாஸ்ரர், பொன்னன் எப்ப பொன்னர் ஆனவன்?”

“அப்ப, ‘வெட்டினான்’ எண்டு போடுவமோ?”

“இஞ்சை லண்டனிலை அது வெக்கக்கேடு. பெடியள் கேள்வி கேப்பினம்.”

பொன்னருடைய சாதியார் அக்கிணற்றில் நீரள்ளக் கூடாது என்பது அன்றைய ஊர் வழக்கம். அவர்களுடைய பெயருக்கு மரியாதை விகுதியும் இல்லை. ‘வெட்டினான்’ கூடாது; ‘வெட்டினார்’ முடியாது. செயப்பாட்டு வினையில் செய்தவரைச் சொல்லாது விடலாம் என்று வழிகாட்டியவன் நான். ‘கோயிற் கிணறு 1938இல் வெட்டப்பட்டது.’ இலக்கணப்படி குற்றமில்லை.

இராஜேந்திரன் தாளை என்னிடம் வாங்கிப் பார்த்தார். “பேர் வருமெண்டு அப்புவுக்குச் சொல்லிப்போட்டன், அண்ணை.”

“ஏலாதெண்டால் சொல்லும்,” என்றார் பாலேந்திரா. “ வேறை ஆளைப் பாப்பம்.”

சங்கக் கூட்டத்தில் அவருக்கு உட்கார ஒரு கதிரை கிடைத்து ஓராண்டே ஆகியிருந்தது. அடித்துக் கொடுத்தார். தந்தையிடம் சொல்லவில்லை.

வெளியீட்டு விழாவில் பொன்னர் நூலுடன் மேடையேறி, பாலேந்திராவை ஊர் வழக்கப்படியே விளித்தார்.

“நயினார், என்ரை பேர் உள்ள இடத்தை ஒருக்கா வாசியுங்கோ.”

பாலேந்திரா ஒலிவாங்கியில் வாசித்தார்.

“ஆர் வெட்டினதெண்டு போடேல்லையோ?”

“வெட்டப்பட்டதெண்டு கிடக்கெல்லோ. காணாதோ?”

“அப்ப, அது தானாவே வெட்டுப்பட்டதோ?”

மண்டபம் சிரித்தது. கிழவர் சிரிக்கவில்லை.

“இதை ஆர் அடிச்சது?”

“உன்ரை மோன்தான். கடைசிப் பக்கத்திலை அவன்ரை பேரும் போட்டிருக்கிறம்.”

பொன்னர் நூலை மேசைமீது வைத்துவிட்டு இறங்கினார். வீடு திரும்பும்போது ரயிலில் மகன் ஏறிய பெட்டியில் அவர் ஏறவில்லை. அதன்பின் மகனோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

தை மாதத்தில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். எங்கே நோகிறது என்று மருத்துவர் கேட்டார். அதைத் தமிழில் சொல்ல இராஜேந்திரனைத் தவிர அங்கு எவரும் இல்லை. மகன் மூன்று முறை கேட்டார். பொன்னர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடியுமுன் இறந்தார். நோவு எங்கே இருந்தது என்பது கடைசிவரை எவருக்கும் தெரியவில்லை.