கழற்றிய பெயர்ப்பலகை

இணைப்பாளர் அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். மஞ்சள் பிளாஸ்டிக் பிடி, முனை சற்றே தேய்ந்தது. மெட்ரோ பாஸுக்கும் தொழிற்சாலை அடையாள அட்டைக்கும் நடுவே செருகி வைத்திருப்பார். ஆடுகிற மேசைக் கால், கழன்ற கதவுப் பிடி எதைக் கண்டாலும் பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்து முறுக்கிவிட்டு மறுபடி பைக்குள் போடுவார். இப்போது அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இரண்டாயிரத்தின் முதல் சில ஆண்டுகளில் நான் மொன்ரியாலில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் செய்தி எழுதினேன். அக்கா சென்ட் லோரன்டில் மருந்துப் பொதி கட்டும் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் செய்தார். காலை வேளைகளில், ஒரே தெருவில் இருந்த சிறு சங்கங்களுக்கு ஊதியமில்லாத இணைப்பாளர். அவற்றில் ஒன்று எங்கள் முதியோர் சங்கம். முன்பு சப்பாத்துக் கடையாக இருந்த வாடகை மண்டபத்தில் புதன்கிழமைதோறும் மதியச் சாப்பாடு. கதவின் மேல் ஒரு மரப் பலகை. பிரெஞ்சுப் பெயர் மேலே பெரிதாக, தமிழ் கீழே சிறிதாக. பகல் முழுவதும் மகன் வீட்டு பேஸ்மென்டில் டிவியோடு இருப்பவர்களுக்கு, வாரத்தில் வாய் திறந்து கதைக்கக் கிடைத்த இடம் அதுதான்.

அந்தக் கோடையில் பக்கத்துப் பகுதியில் தொடங்கிய கைகலப்பு தெருக் கலவரமாக நீண்டது. மூன்றாம் நாள் ஒரு கும்பல் எங்கள் தெருவுக்குள் வந்தது. கறுத்த ஆட்கள் கூடும் இடமென்று தெரிந்த கதவுகளாகப் பார்த்து உடைத்தது. எங்கள் மண்டபத்தின் முன் கண்ணாடி போயிற்று. நான்கு கதவு தள்ளி ஹெய்ட்டிப் பெண்கள் நடத்திய இலவச உணவுக்கூடத்தில் அடுப்பையும் நொறுக்கியிருந்தார்கள். இரண்டு சுவர்களிலும் சிவப்புச் சாயத்தில் ஒரே வாசகம்: திரும்பிப் போ.

மறுநாள் புதன். நான் போனபோது அக்கா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். பின்னால் சமையல் நடந்தது. பதினொரு முதியவர்கள் வந்து, பலகை அடித்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார்கள். நான் அதைப் படம் எடுக்கவில்லை. உடைந்த கண்ணாடியை எடுத்தேன். ‘முதியோர் மண்டபம் சூறை’ என்று முதல் பக்கத்தில் போட்டோம். சூறை எதுவும் நடக்கவில்லை. ஒரு கரண்டிகூடத் தொலையவில்லை. ஆனால் அந்தச் சொல் தலைப்பில் நன்றாக அமைந்தது.

அன்று பிற்பகல் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், ஏணி வைத்து ஏறிப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. எண்பத்து மூன்றில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவர் கொழும்பில் இருந்தவர். அவரளவில் அது யோசித்து முடிவெடுக்கிற காரியமே அல்ல.

அடுத்த புதன்கிழமை நகரின் மேற்குப் புறத்துப் பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பெரியவர் தெருவை இரு முறை நடந்து பார்த்தார். பலகை இல்லை, ஜன்னலில் மரத்தட்டி. பத்திரிகையில் படித்தது சரிதான் என்று வீடு திரும்பி, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்து, மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். உள்ளே நாற்பது பேருக்குச் சமைத்திருந்தது; சாப்பிட வந்தவர்கள் நான்கு பேர். அதற்கடுத்த வாரமும் நான்கே பேர். ஆள் வராத மண்டபம் எதற்கு என்று கட்டடச் சொந்தக்காரர் கேட்கத் தொடங்கினார்.

அக்கா முதலில் என்னிடம் வந்தார். பத்திரிகையை மேசையில் விரித்தார்.

“தம்பி, கண்ணாடி உடைஞ்சதைப் போட்டீங்கள். அடுத்த நாள் சமைச்சதை ஏன் போடேல்லை?”

“அது செய்தியில்லை அக்கா.”

“ஓம், நீங்கள் வடிவாச் சாப்பிட்டீங்கள். அதுவும் செய்தியில்லைத்தான்.”

அவர் வேலை செய்யும் முறை அப்படித்தான். கூட்டம் போட மாட்டார், கண்டன அறிக்கை எழுத மாட்டார். யாருடைய காரியம் நின்றிருக்கிறதோ அவர்களிடம் போய் நிற்பார். ஹெய்ட்டிப் பெண்களுக்கு எங்கள் சமையலறையை வியாழன்தோறும் திறந்துவிட்டார். தொழிற்சாலை இடைவேளையில் முதியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்தார். பயப்படாதீர்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. “புதன்கிழமை புட்டும் மீன்குழம்பும். வாறியளோ இல்லையோ? அளவா அவிக்கவேணும்” என்றார். பாதிக்கப்பட்ட சங்கங்களுக்கு உதவ நகரசபை படிவம் அனுப்பியபோது மற்றவர்கள் இரும்புத் தட்டிகளும் கேமராக்களும் கேட்டார்கள். அக்கா ‘சேதம்’ என்ற கட்டத்தில் கண்ணாடியைப் பற்றி ஒரு வரி எழுதி, அதன்கீழ் வராமல் போனவர்களின் பெயர்களை எழுதினார். ‘தேவை’ என்ற கட்டத்தில், பியர்பொன்ட்ஸிலிருந்து புதன்கிழமைகளில் ஒரு சிறு பஸ் என்று எழுதினார். அதிகாரி இரண்டு முறை போன் எடுத்து விளக்கம் கேட்டார். பஸ் வந்தது.

தலைவரிடம் கடைசியாகத்தான் போனார். நானும் கூட இருந்தேன்.

“போர்ட்டைப் பேந்து ஆறுதலாப் பாப்பம், பிள்ளை” என்றார் தலைவர். “வெள்ளவத்தையிலை நாங்கள் போர்ட்டைக் கழட்டினபடியால்தான் தப்பினனாங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கழட்டேல்லை. உமக்குத் தெரியாது.”

“தெரியும் அண்ணை. நானும் அங்கைதான் இருந்தனான்.”

அதை நான் அன்றுதான் அறிந்தேன். தலைவரும் அன்றுதான் அறிந்தார் என்று அவர் முகம் சொல்லிற்று.

“அங்கை எங்களைத் தேடி வந்தவன் எரிக்க வந்தவன்,” என்றார் அக்கா. “இஞ்சை உடைச்சவன் உடைச்சிட்டுப் போயிட்டான், அவனுக்கு இடம் தெரியும். நாளைக்கு முதல் பஸ்ஸாலை இறங்கிற சனத்துக்குத்தான் தெரியாது.”



மறுநாள் காலை அக்கா ஏணியில் நின்றார். பலகையை நான் தாங்கிப் பிடித்தேன். திருகாணிகள் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கீழே நின்ற தலைவர் சட்டைப் பையில் கைவிட்டு, டிஷ்யூவில் சுற்றிய நான்கு திருகாணிகளை எடுத்தார். கழற்றிய நாளிலிருந்து அவற்றைச் சட்டைக்குச் சட்டை மாற்றிச் சுமந்திருக்கிறார்.

மூன்றை அக்கா பூட்டினார். “இறங்கும் பிள்ளை. ஒண்டை நான் போடுறன்” என்று தலைவர் திருப்புளியை வாங்கினார். இறுகிய பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தார். “மரம் வெடிக்கப்போகுது அண்ணை” என்று அக்கா கீழிருந்து சத்தம் போட்ட பிறகே நிறுத்தினார். சற்று நேரத்தில் பஸ் வந்தது. பதினேழு பேர் இறங்கினார்கள். முதலில் இறங்கிய பியர்பொன்ட்ஸ் பெரியவர் பலகையை நிமிர்ந்து பார்த்து, “அப்ப பூட்டேல்லையோ?” என்றார், குறை சொல்வதுபோல. அந்தப் படத்தை எடுத்தேன். உள்பக்கத்தில்தான் போட்டார்கள்.

தலைவர் இறந்துவிட்டார். அக்கா மகளோடு டொரன்டோ போகும்போது திருப்புளியை என்னிடம் தந்து, “சும்மா வைச்சிருக்காதேங்கோ” என்றார். சென்ற மாதம் சங்கம் பெரிய இடத்துக்கு மாறியது. பலகையைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறினேன். அக்கா பூட்டிய மூன்றும் அரை நிமிடத்தில் வந்துவிட்டன. இடது மேல்மூலையில் இருந்தது தலைவருடையது. என் முழுப் பலத்தையும் கொடுத்துப் பார்த்தேன். திருப்புளியின் முனைதான் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது, ஆணி அசையவில்லை.