ஷேருவின் இடது பக்கத்துப் பற்கள்

1. மூன்றாவது வரவு

"ஊசி போட்டா ரெண்டு நாள்ல சரியாய்டும்னு சொன்னீங்களே டாக்டரம்மா, இப்ப தண்ணி கூட இறங்கலயே" என்று ஜெயசீலி கூடையை மேசைமேல் வைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பு என்மேல் இருக்கிறது என்று மனசுக்குப் பட்டால் எனக்கு முதலில் கோபம் வரும். இத்தனை வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தும் இந்தக் குணம் போகவில்லை.

ஜெயசீலி மாதனூர்க்காரர். ஷூ கம்பெனி ஒன்றில், வெட்டும் தோலில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் கட்டிங் செக்‌ஷன் செக்கர். ஷேரு அவர் வளர்த்த மஞ்சள் கடுவன் பூனை. இரண்டு மாதம் முன்பு வாய் வீங்கி, எச்சில் ஒழுக வந்தது. ஈறு வீக்கம்தானே என்று ஆம்பூர் கிளினிக்கில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பினேன். சாப்பிட்டது. அடுத்த மாதம் மறுபடி வந்தது. மறுபடி அதே ஊசி. ரத்தப் பரிசோதனை பற்றி நான் நினைக்கவே இல்லை.

இந்த முறைதான் லேசாக மயக்கம் கொடுத்து வாயை ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பற்களின் ஈறு தொண்டை வரை சிவந்து கிடந்தது. தொட்ட இடமெல்லாம் ரத்தம். டெஸ்ட் கிட்டில் லுகேமியா வைரஸுக்கான இடத்தில் கோடு விழுந்தது. லேபுக்கு அனுப்பிய ரத்தமும் பாசிட்டிவ். சிவப்பணு வேறு மிகவும் கம்மி. எதிர்ப்புச் சக்தியை அரிக்கிற வைரஸ் உள்ளே இருக்க, அதே சக்தியை அடக்குகிற மருந்தை நானே இரண்டு தடவை ஏற்றியிருக்கிறேன்.

2. சில்வர் பேனா

ரிசல்ட் வந்த அன்று ஜெயசீலியோடு அவர் புருஷன் டேனியலும் வந்திருந்தார்.

"லுகேமியான்னா பிளட் கேன்சர்தானே மேடம்? நமக்கும் ஒட்டிக்குமா?"

"மனுஷங்களுக்கு வராதுப்பா. வேற பூனைங்களுக்குத்தான் வரும். ஒரே தட்டுல தின்னா, ஒண்ண ஒண்ணு நக்கினா வரும். இத வெளிய விடாதீங்க."

"அப்ப ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வச்சிடுங்க மேடம். பசியில தட்டு கிட்ட ஓடியாருது, வாய் வச்சதும் கத்திக்கினு ஓடுது. அதப் பாத்துட்டு இவளும் சாப்பிடறதில்ல. வீடே பேஜாரா கீது."

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவர் கேட்டதும் தவறில்லை. இன்னொரு வழி பற்களைப் பிடுங்குவது. பல பூனைகளுக்கு அதோடு புண் ஆறும், வைரஸ் மட்டும் போகாது. ஆனால் இந்த ரத்தத்தோடு நீண்ட மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்காமலே போகலாம். இரண்டையும் சொன்னேன். சொல்ல வேண்டிய மூன்றாவதையும் சொன்னேன்.

"முதல் தடவையே டெஸ்ட் பண்ணியிருக்கணும். நான் பண்ணல. அந்த ஊசி அதுக்கு கெடுதல் பண்ணியிருக்கும்."

ஜெயசீலி கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கேஸ் கார்டிலிருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா பல்லும் மோசமா?"

"மொத்தமா எடுத்துடறதுதான் நல்லதுன்னு நெனச்சேன்."

அவர் பையிலிருந்து, கம்பெனியில் தோலில் குறி போடுகிற சில்வர் பேனாவை எடுத்து என் முன் வைத்தார். "ஒரு தோல்ல உண்ணிக்கடி, கீறல்னு டிஃபெக்ட் இருந்தா முழுத் தோலயும் ரிஜெக்ட் பண்ணமாட்டோம். அத சுத்தி வட்டம் போட்டுட்டு மிச்சத்துல வெட்டுவோம். எது ரொம்ப மோசம்னு நீங்க போடுங்க டாக்டரம்மா."

எனக்குச் சுருக்கென்றது. மயக்கம் கொடுத்து வாயைப் பார்த்த அன்று எடுத்த போட்டோக்களை மறுபடி பார்த்தேன். முன்பற்களும் கோரைப் பற்களும் பரவாயில்லை. கடைவாய்தான் மோசம், அதிலும் இடது பக்கம். இடது கடைவாய்க்கு மட்டும் வட்டம் போட்டேன்; அதை மட்டும் எடுத்தால் மயக்க நேரமும் குறையும். பிழைத்தால் மூன்று வாரம் கழித்து வலது பக்கம். டேனியல் பெருமூச்சு விட்டுச் சரி என்றார்.

3. நிறுத்திய இடம்

ஒரு வாரம் டியூப் வழியாக உணவும் வலி மருந்தும் கொடுத்துத் தேற்றினோம். ஆபரேஷன் அன்று கடைசிப் பல்லின் வேர் உள்ளே முறிந்துகொண்டது. வேர் தங்கினால் புண் ஆறாது. தோண்டிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் செல்வி சொன்னார்: "மேடம், ஹார்ட் ரேட் இறங்குது."

மயக்க மருந்தைக் குறைத்தோம். ஊசி ஒன்று போட்டோம். துடிப்பு மெல்ல ஏறியது. வேரும் முழுசாக வந்தது. அப்போது என் கை தானாக வலது பக்கம் போனது. இன்னொரு மயக்கம் எதற்கு, இப்போதே முடித்துவிடலாமே என்ற ஆசை. எதிரே கார்டில் அந்த வட்டம் பளபளத்தது. இடுக்கியைக் கீழே வைத்தேன்.

கால் மணி நேரத்தில் விழிக்க வேண்டிய பூனை ஒரு மணி நேரமாகியும் அசையவில்லை. ஜெயசீலி ஷிஃப்டுக்குப் போகாமல் யூனிஃபார்மோடு வெளியே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகுதான் ஷேருவின் காது துடித்தது.

மூன்றாம் நாள் டேனியல் போன் செய்தார். "மேடம், ஷேரு தட்டு கிட்ட போச்சு. கத்தல. முழுசா சாப்ட்டுச்சு. இவதான் அழுவுறா."

வலது பக்கத்தையும் பிறகு எடுத்தோம். அதன்பின் ஒன்றரை வருடம் ஷேரு வலியில்லாமல் சாப்பிட்டது. கடைசியில் ரத்தம் வற்றிப் படுத்துவிட்டபோது, "போதும் டாக்டரம்மா" என்று ஜெயசீலியே சொன்னார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, தூங்க வைத்தேன்.

என்னிடம் வேலைக்குச் சேருகிற புது டாக்டர்களுக்கு அந்தக் கார்டைக் காட்டுவேன். ஈறு வீங்கிய பூனைக்கு டெஸ்ட் செய்யாமல் ஸ்டீராய்டைத் தொடாதீர்கள் என்பேன். பல் படத்தில் இருக்கும் வட்டத்தை உடனே கவனிப்பார்கள். கார்டின் மேல்பக்கம், இரண்டு ஊசித் தேதிகளைச் சுற்றியும் அதே பேனாவால் வட்டம் உண்டு. அது ஏன் என்று கேட்பார்கள். அது என் டிஃபெக்ட், நான்தான் போட்டேன் என்று சொல்வேன்.