துறை காலியாக இருந்த யூனிஸ்

யூனிஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஹைதராபாத்தில் மல்காஜ்கிரியில் வீடு, ஹப்சிகுடாவில் வேலை. ஆஸ்பத்திரிக் கட்டில் செய்து விற்கும் கம்பெனி. "கட்டில் கம்பெனியில இருபத்திரண்டு வருஷம், ஒரு நாள் படுத்ததில்லை" என்பார் அவள் கணவர் ஐசக். அவள் உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டதே இல்லை என்பதற்கு அவர் கண்டுபிடித்த புகழ்ச்சி அது.

சேர்ந்தது ஸ்டோர்ஸில். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், "ரெண்டே மாசம்" என்று கம்ப்யூட்டர் வேலைக்காக மாடியில் இரவல் கேட்டார்கள். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் ஆபீஸ் இன்னும் கட்டப்படவில்லை. ஸ்டோர்ஸ் தன் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டது. மாடி எழுதிக்கொள்ள மறந்தது. சம்பளம் வந்தது, லீவு கிடைத்தது, 'துறை' என்ற கட்டம் மட்டும் காலி. அதில் ஒரே நஷ்டம் தீபாவளிக்குத்தான். ஸ்வீட் பெட்டி துறைவாரியாக வரும், அவளுக்கு வராது. பக்கத்து மேஜை சபீனா தன் பெட்டியில் பாதியை நீட்டுவாள். "உங்களுக்கும் தீபாவளி இல்ல, எனக்கும் இல்ல. பாதிப்பாதி."

போன மாதம் எத்தனை கட்டில் திரும்பி வந்தது என்று மேனேஜர்கள் போனில் கேட்பார்கள், யூனிஸ் பார்த்துச் சொல்வாள். இந்த வருஷம் புது ஏற்பாடு. பேசுகிற மாதிரியே கேள்வியைக் கம்ப்யூட்டரில் அடித்தால் அதுவே பதில் சொல்லும். அதற்கு மனிதர்களின் பேச்சைப் புரிய வைப்பது அவள் வேலை. கட்டில், காட், பெட் மூன்றும் ஒன்றே. 'நல்ல டீலர்' என்றால் எப்படிப்பட்டவர். தெரியாத வார்த்தைக்கு அடியில் அது சிவப்புக் கோடு போடும். அவள் அர்த்தம் எழுதுவாள். பதில் சொல்வதற்கென்றே இருந்தவள், பதில் சொல்ல இன்னொன்றுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை, அவளுக்கும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்புக் கோடு 'சர்ப்ளஸ்' என்ற வார்த்தைக்கு அடியில் விழுந்தது. ஆபீஸில் சர்ப்ளஸ் ஸ்டாஃப் யார் யார்? கேட்டிருந்தவர் பர்சனல் மேனேஜர் லட்சுமணன். யூனிஸ் போன் செய்தாள்.

"சார், சர்ப்ளஸ்னா அதுக்கு அர்த்தம் தெரியல."

"எழுதிக்கோங்கம்மா. வயசு அம்பதைத் தாண்டணும். கீழ ஆள் இருக்கக் கூடாது. அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே வேலை. மேலிடத்து உத்தரவு, ஒரு மாச நோட்டீஸ் கொடுத்து அனுப்பணும்."

"மூணும் சேர்ந்து இருக்கணுமா சார், ஒண்ணு போதுமா?"

"மூணும். ஒண்ணு போதும்னா நானே மாட்டிப்பேனே!"

அவர் சிரித்தார். மரியாதைக்கு அவளும் சிரித்தாள்.

மூன்று வரி எழுதினாள். பதினொரு பெயர் வந்தது. ஏட்டை நம்பாதே, ராக்கில் இருப்பதை எண்ணு என்பது ஸ்டோர்ஸ் பழக்கம், கையாலும் எண்ணினாள். பன்னிரண்டு. விட்டுப்போனது அவள்.

சபீனா எட்டிப் பார்த்தாள். "யூனிஸக்கா, உங்க பேரு இல்லையே!"

"துறை காலியா இருந்தா எண்ணாதேன்னு நான்தான் போட்டு வெச்சேன். வேலையை விட்டுப் போனவங்களுக்குத்தான் அது காலியா இருக்கும்."

"அப்ப அதோட கணக்குல நீங்க எப்பவோ போயாச்சா?"

"ஹவ்" என்று சபீனாவின் ஹைதராபாத் உருதுவிலேயே ஆமாம் சொன்னாள்.

"போனவங்கள யாரு அனுப்புவாங்க? அதுல கை வைக்க நக்கோ, வேணாம்."

"கணக்கு உதைக்குதே. மொத்தம் எத்தனை பேருன்னு கேட்டாலும் ஒண்ணு குறையும்."

"குறையட்டும்! உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை? ஐசக் அண்ணனுக்கு முட்டி போச்சு, பொண்ணு ஜெனிட்டாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காலேஜ். உங்க சம்பளம் ஒண்ணுதான் அந்த வீட்டுல."

யூனிஸ் லெமன் சாதத்தைச் சாப்பிட்டு டப்பாவைக் கழுவி வந்தாள். பயம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் பதினொரு பெயரையும் மறுபடி வாசித்தாள். எல்லாம் தெரிந்தவர்கள், ஒருத்தி ஆறு வருஷமாக ஷேர் ஆட்டோவில் கூடவே வருகிறவள். ஒன்றும் வலிக்கவில்லை. பதினொன்று என்ற எண் மட்டும் உறுத்தியது.

மூன்று மணிக்குத் தன் விவரத்தைத் திறந்து காலிக் கட்டத்தில் 'ஸ்டோர்ஸ்' என்று அடித்தாள். மறுபடி கேட்டாள். பன்னிரண்டு.

லட்சுமணன் போனில் வந்தார். "பட்டியல் சரிதானே? கையால எண்ணினீங்களா?"

"எண்ணிட்டேன் சார்."

"ஸ்டோர்ஸ்ல யூனிஸ்னு போட்டிருக்கே, அங்க அப்படி யாரும்மா?"

"நான்தான் சார்."



"ஓ" என்றார். பிறகு, "பேரை மட்டும் அகரவரிசையில போட்டுருங்க."

போட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் ஸ்டோர்ஸ் பெருமாள் படியேறி வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி. "இந்த வருஷம் நம்ம லிஸ்ட்டுல உங்க பேரு வந்திருக்கும்மா." அவளுக்கு நோட்டீஸில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

பெட்டியைத் திறந்து, பாதியை ஒரு தாளில் எடுத்துச் சபீனாவின் மேஜையில் வைத்தாள். சபீனா திரும்பிப் பார்க்கவில்லை. சோன்பப்டிதான். வருஷா வருஷம் பாதியாகவே பார்த்த பெட்டி, முழுதாகப் பார்த்தபோதும் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை.