மூன்று விரல் உப்பு

எங்கள் வீட்டு ஹாலில் ஓர் இரும்பு ஸ்டாண்ட் உண்டு. டிசம்பரில் என் மனைவி அதன் மேல் கிறிஸ்துமஸ் குடில் வைப்பாள். மற்ற மாதங்களில் பழைய பேப்பர் கிடக்கும். சும்மாதானே கிடக்கிறது என்று போன பொங்கல் முடிந்ததும் இரண்டடி மீன் தொட்டி ஒன்றை வாங்கி அதில் ஏற்றிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், அப்புறம் எதற்குக் கேட்பது?

செப்டம்பர் வரை தொட்டிக்குள் செடிகள் காடாக மண்டின. பிறகு கெட்டது. தண்டுச் செடிகளின் இலை ஓரம் கருகியது, நடுப்பாகம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கூழாகக் கையோடு வந்தது. பின்னால் நின்ற நாடாப் புல் மட்டும் அசரவில்லை. மீன்களோ கும்மாளம் போட்டுக் குட்டிமேல் குட்டி போட்டன. செடி சாகிற தண்ணீரில் மீன் எப்படிக் கொழுக்கும்? எனக்கு மண்டை காய்ந்தது.

“அழுகுன கீரை நாத்தம் அடிக்குதுங்க,” என்றாள் மனைவி. “கிறிஸ்துமசுக்கு நாலு வாரம் முன்ன வருதே, திருவருகைக்கால மொத ஞாயித்துக்கெழமை, அதுக்குள்ள ஒரு புது இலை காட்டுங்க. இல்லன்னா தொட்டி மொட்ட மாடிக்கு, ஸ்டாண்டு எங் குடிலுக்கு.”

“ஒண்ணு என்னடி ஒண்ணு, பத்து காட்டுறேன்.”

வாய்க்கொழுப்பு. மொட்டை மாடிக்குப் போனால் ஒரே வெயிலில் அத்தனையும் மீன் குழம்பு.

விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தேன். கூட்டினேன். கத்தரிக்கோலோடு இறங்கி அழுகினதை எல்லாம் வெட்டினேன். வெட்டிய இடமும் அழுகியது. செடி விற்ற கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் நான் கொண்டுபோன இலையை விரலில் நசுக்கிப் பார்த்தார்.

“சார், உங்க தண்ணி உப்பு. குட்டி போடுற மீனுக்கு அது ஒத்துக்கும், செடிக்கு ஒத்துக்காது.”

“எங்க தண்ணி உப்பா? கடற்கரையிலயா இருக்கேன்? ரெட்டியார்பாளையம்யா!”

மறுநாள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை பாட்டிலில் கொண்டுபோய் அவர் முன்னால் நின்று மடமடவென்று குடித்தேன். “எங்கய்யா உப்பு?”

“குழாயில இல்ல சார். தொட்டியில மொண்டு குடிச்சுப் பாருங்க.”

திமிரைப் பார் என்று திட்டிக்கொண்டே வந்தேன். வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து விரலை விட்டு நக்கினேன். கரித்தது.

அடுத்த நாள் காலை கதவுக்குப் பின்னால் நின்றேன். சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா. மூன்று விரலால் அள்ளி, தொட்டி மேல் சிலுவை போட்டு, உள்ளே தூவினாள்.

“என்னடி அது?”

“கோயில்ல சாமியார் மந்திரிச்சுக் குடுத்த உப்புங்க. செடிக்கு நல்லதாவட்டும்னு தெனம் வேண்டிக்கிட்டுப் போடுறேன்.” முகத்தில் அப்படி ஒரு பக்தி.

நான் பிடிக்கிற பிடியில் கடைக்காரர் சட்டை கிழியும், ஆனால் மந்திரித்த உப்பை எந்தச் சட்டையில் பிடிப்பது? நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் ஒன்று தெரியும். இவள் கடலோரக் கனகசெட்டிக்குளத்துப் பக்கம் கழனி வைத்திருந்தவர் பெண். உப்பு ஏறின மண்ணில் எது முளைக்கும் என்று இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் என் பங்குக்குக் கெடுத்திருந்தேன். தண்ணீரை மாற்றாமல், குறைந்ததற்கு மட்டும் மேலே மேலே ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஆவியாகிப் போனது, உப்பு போகவில்லை.

“போடு, தாராளமா போடு,” என்றேன்.

அன்று மாலையே உர மருந்துக் கடையில் வெள்ளைப் பொட்டாஷ் வாங்கினேன். பார்வைக்கு உப்புதான், செடிக்குச் சத்து. டப்பாவில் இருந்த உப்பை மரியாதையாக வேறு டின்னில் கொட்டி என் சட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். பொட்டாஷை டப்பாவில் நிரப்பினேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றினேன். தண்டுகளை, பச்சை மிச்சமிருந்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டினேன். நன்றாக இருந்த நுனிகளைத் தனியாக நட்டேன். அவள் தினமும் சிலுவை போட்டு என் செடிக்கு உரம் தூவினாள். நான் பேப்பருக்குப் பின்னால் சிரித்தேன்.

சொன்ன ஞாயிறு வந்தது. வெட்டிய கணு ஒன்றில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இலை, சுண்டுவிரல் நகம் அளவு.

“பாரு!”

கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தாள். “இது இலையா, பாசியா?”

“இலைடி!”

“இலைதான். எல்லாம் உப்போட மகிமை.” டப்பாவை எடுத்துவந்தாள். “நமக்கும் நல்லதாவட்டும். வாயத் தொறங்க.”

ஒன்று உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லை வாயைத் திறக்க வேண்டும். திறந்தேன். நாக்கில் நாலு பருக்கை வைத்தாள்.

“எப்படி இருக்கு?”

“க... கரிக்குது.”

“கரிக்குதா? கசக்கணுமே.”

ஓடிப்போய்த் துப்பினேன். பின்னாலேயே வந்து நின்று சிரித்தாள்.

“இந்த மழைக்கு உப்பு சொதசொதன்னு ஆவும். இது பொலபொலன்னு இருந்துச்சு. எங்கப்பா கழனிக்குப் போடுற பொட்டாஷ் எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா தெனம் போட்ட?”

“நீங்கதான தாராளமா போடச் சொன்னீங்க?”

“அப்ப முன்ன போட்ட உப்பு?”

“அது ஜெபம்,” என்றாள். கண் மட்டும் சிரித்தது. “ஸ்டாண்டக் கேக்காம எடுத்தவங்க அதெல்லாம் கேக்கக் கூடாது.”

தொட்டி மாடிக்குப் போகவில்லை. அதன் மேல் ஒரு பலகை போட்டுக் குடிலை வைத்துவிட்டாள். நான் வெட்டிப் போட்ட தண்டுகளைப் பொறுக்கிக் குடிலில் இருந்த பொம்மை மாட்டுக்கு முன்னால் தீவனமாகப் பரப்பினாள். என் சட்டைகளுக்குப் பின்னால் இருந்த உப்பு டின் இப்போது அவள் பீரோவில் இருக்கிறது. சாவியும் அவளிடம்தான். நான் வாரம் ஒரு முறை தொட்டித் தண்ணீரை நக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.